எரிமலை இல்லாத நாட்டில் ஒரு நாள் சுற்றுலா: கந்தளாய்ப் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளை வருடாந்தச் சுற்றுலாவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பவர்கள் மட்டுமாவது முழுதாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 10 புவியியல் பாடம். எரிமலை பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பின் வாங்கில் இருக்கும் மகன் ஒருவன் கையை உயர்த்தி, "சேர், நம்மட நாட்டுல எரிமலை இல்லாதது நட்டந்தானே?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. யாரோ தமிழில் போட்ட யூடியூப் காணொளி ஒன்றில் ஐஸ்லாந்தைப் பார்த்திருக்கிறான். தலைநகர் ரெய்க்யவிக்கில் காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம், போய்வர ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ஆறேழு நிமிடத்துக்கொரு தடவை வெந்நீரை மேலே பீய்ச்சும் ஸ்ட்ரோக்கூர் ஊற்று, பூமியின் இரண்டு தட்டுகள் வருடத்துக்கு 2 சென்ரிமீற்றர் அளவில் விலகிப் போகும் திங்வெட்லிர் பள்ளத்தாக்கு, இரண்டு படியாக விழும் குல்ஃபோஸ் நீர்வீழ்ச்சி என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவன் சொன்ன இன்னொரு விடயம்தான் எங்களுக்குப் பிடித்தது. "சேர், பஸ்ஸில ஒருத்தர் மைக்கைப் புடிச்சி வழி நெடுகச் சொல்லிக்கிட்டே வாறார். பாட்டே போடல்ல."

நாங்கள் ஒரு கேள்விதான் கேட்டோம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 34 பேரில் 7 கைகள் உயர்ந்தன. அந்த ஏழிலும் மூன்று பேர், "சின்ன வயசுல போனதாம், ஞாபகமில்ல" என்றார்கள். கந்தளாயிலிருந்து திருகோணமலை நகரம் 40 கிலோமீற்றர் வராது. கன்னியா நகரத்துக்கு முன்னாலேயே, அனுராதபுரம் வீதிப் பக்கம் இருக்கிறது. நுவரெலியாவுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று அடுத்துக் கேட்டோம். அரைவாசிக்கும் மேல்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டிப் போகாதது நாங்கள்தான்.

இனி எங்கள் தவறு ஒன்றை வெளியே சொல்லிவிடுகிறோம். ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், கன்னியாவில் ஏன் தண்ணீர் சுடுகிறது என்று ஒரு பிள்ளை கேட்டபோது, "அடியில எரிமலை இருக்கு மகள்" என்று சொல்லியிருக்கிறோம். சந்தேகமே இல்லாமல் சொன்னோம். அந்தப் பிள்ளைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கும். அவர்களுக்கும் அதையே சொல்லியிருப்பாள். எங்கேயாவது நிலம் அதிர்ந்த செய்தி வந்தால், கன்னியாவில் எரிமலை வெடிக்கப் போகுது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு சுற்றும்போது, அதில் எங்கள் பங்கும் இருக்கிறது என்று உள்ளே குத்தும்.

கன்னியாவுக்கு அடியில் எரிமலை இல்லை. இலங்கை முழுவதிலும் உயிருள்ள எரிமலை கிடையாது. எரிமலைகள் பெரும்பாலும் பூமியின் தட்டுகள் மோதும் இடத்திலும் பிரியும் இடத்திலும்தான் வரும். இந்தோனேசியாவில் உயிருள்ள எரிமலைகள் 120க்கு மேல் இருப்பதும் அதனால்தான், ஐஸ்லாந்தின் வெந்நீரும் அதனால்தான். நாம் தட்டின் ஓரத்திலிருந்து வெகு தூரத்தில், உள்ளே இருக்கிறோம். நம் பாறைகள் கிழவர்கள். அண்டார்ட்டிக்காவும் மடகஸ்காரும் இந்தியாவும் இலங்கையும் ஒட்டிக்கிடந்த காலத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், நிலத்தின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறைகள் அவை.

பிறகு எப்படிச் சுடுகிறது? மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்குகிறது. எந்த நாடாக இருந்தாலும் ஒரு கிலோமீற்றர் கீழே போனால் சூடு ஏறக்குறைய 25 முதல் 30 பாகை கூடும். வெடிப்பு ஆழமாகப் போனால் தண்ணீரும் ஆழமாகப் போய்ச் சூடாகி, இன்னொரு வெடிப்பால் மேலே ஏறி வந்துவிடும். அவ்வளவுதான். நெருப்பு தேவையில்லை. ஆழமான வெடிப்பும் போதிய காலமும் இருந்தால் போதும்.

அந்த வெடிப்பு ஏன் இங்கே இருக்கிறது என்பதுதான் ருசியான பகுதி. இலங்கையின் நடுவில் ஒரு பெரும் பாறைத் தொகுதி, கிழக்கே இன்னொன்று. உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்று பாடத்தில் வரும். ஒரு காலத்தில் இவை இரண்டும் மோதி, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அந்தப் பழைய மூட்டு தென்கிழக்கிலிருந்து வடகிழக்கு வரை ஓடுகிறது. இலங்கையின் வெந்நீர் ஊற்றுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். அம்பாந்தோட்டையில் மகாபெலஸ்ஸ, அம்பாறையில் 50 பாகைக்கும் மேல் கொதிக்கும் மகாஓயா, வடக்கே வந்தால் நம் கன்னியா. பெரும்பாலும் எல்லாம் அந்த மூட்டை ஒட்டியே கிடக்கும். சேருவிலையில் 1971இல் கண்டுபிடித்த செம்பு, காந்த இரும்புப் படிவமும் அந்த மூட்டுப் பக்கம்தான். நமக்கு எரிமலை இல்லை, ஆனால் ஒரு கண்டம் இன்னொரு கண்டத்தோடு ஒட்டிய தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பின் மேலே பஸ்ஸில் போய் இறங்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மகனின் கேள்விக்குப் பதிலாகத்தான் ஒரு நாள் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்தோம். அதிபரின் அனுமதி, வலயக் கல்வி அலுவலகக் கடிதம், பெற்றோர் ஒப்பம் எல்லாம் வழக்கம்போல. கட்டணம் குறைவு, இரவுத் தங்கல் இல்லை, மஃரிபுக்கு வீட்டில் இருக்கலாம். ஒரேயொரு நிபந்தனை வைத்தோம்: பஸ்ஸில் பாட்டுப் பெட்டி கிடையாது. இதைக் கேட்டு ஆண் பிள்ளைகள் சிலரின் முகம் தொங்கியது உண்மை.

முதல் நிறுத்தம் வேறெங்குமில்லை, நம் குளக்கட்டுத்தான். "இத டெய்லி பாக்கிறம்தானே சேர்" என்றார்கள். பார்க்கிறோம், ஆனால் கேட்டதில்லை. அதற்காகவே ஊர் மூத்தவர் ஒருவரை அங்கு வரச் சொல்லியிருந்தோம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை 3 மணியளவில் இந்தக் கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மௌத்தானார்கள். வீடுகளும் வயல்களும் ஆயிரக்கணக்கில் போயின. அடுத்த வருடம் கட்டைத் திருப்பிக் கட்டினார்கள். இவ்வளவும் எங்களுக்கும் தெரியும். மூத்தவர் சொன்னது வேறு. "முதல்ல சத்தம் வந்திச்சி மகன். ரயில் வாற மாதிரி. பிறகுதான் தண்ணி. சத்தத்துக்கும் தண்ணிக்கும் நடுவுல இருந்த நேரத்துலதான் நான் உம்மாவத் தூக்கினன்." அவர் அதற்கு மேல் பேசவில்லை. பிள்ளைகளும் பேசவில்லை. தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அதைக் கீழே இறக்கினார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் குளம் இது. குளக்கோட்டன் கட்டியது என்று திருகோணமலைத் தமிழ் மக்களின் மரபு சொல்லும். இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். யார் கட்டியிருந்தாலும் அதன் கீழே படுத்து உறங்குவது நாம் மூன்று சமூகமும்தான். 86இல் தண்ணீர் வந்தபோது யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை.

அடுத்தது கன்னியா. ஏழு சிறு கிணறுகள், சதுரமாகக் கட்டிவிட்டிருக்கிறது, ஆழம் மூன்று நான்கு அடிதான். இறங்கிக் குளிக்க இடமில்லை, வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். விஞ்ஞான கூடத்து வெப்பமானி இரண்டைக் கொண்டுபோயிருந்தோம். ஏழு கிணறும் ஏழு விதம். எல்லாம் 40 பாகையை ஒட்டித்தான், ஆனால் ஒன்று இன்னொன்று போல இல்லை. கையை விட்டாலே தெரிகிறது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கிணறுகள் ஏன் இப்படி என்று பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். ஒரு மகள் சொன்னாள்: "மேல வாற வழியில பச்சத்தண்ணி கூடக் கலக்கிறதுல சூடு குறைவு, கொஞ்சமாக் கலக்கிறதுல கூட." அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தரம் 6இலிருந்து அந்தப் பிள்ளை எந்தச் சுற்றுலாவுக்கும் போனதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். இரவுத் தங்கல் இருந்தால் வாப்பா விடமாட்டார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு நாள் பயணத்தைத் தவிர வேறு பயணமே இல்லை என்று ஆக்கி வைத்தவர்கள் நாங்கள்.

எங்களோடு வந்த தமிழ் ஆசிரியை ஒருவர் பிள்ளைகளை மரத்தடியில் இருத்தி இராவணன் கதையைச் சொன்னார். தாய்க்குக் கடன் கழிக்கத் தண்ணீர் வேண்டி, இராவணன் வாளால் நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு ஊற்று வந்தது என்பது மரபு. அதனால்தான் இந்து மக்கள் இறந்தவர்களின் அந்தியேட்டிக் கிரியையை இங்கே செய்கிறார்கள். கடைசியில், "எங்கட அப்பாவுக்கும் இங்கதான் செய்தனாங்கள்" என்றார். அவர் அந்தக் கிணற்றுப் பக்கம் பார்த்த விதத்தைப் பார்த்து, தண்ணீரை ஒருவர்மேல் ஒருவர் தெளித்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் தாங்களாகவே வாளியைக் கீழே வைத்தார்கள். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த இடத்தில் நம் ஊரில் சிலர் எங்களிடம் கேட்ட கேள்விக்கு வருகிறோம். "அது அவங்கட இடம், அங்க நம்மட புள்ளயளுக்கு என்ன வேல?" என்றார்கள். இன்னும் சிலர், "2019 ஜூலையில அங்க போராட்டம், வழக்கு எல்லாம் நடந்த இடம், ஏன் தேவையில்லாத வேல?" என்றார்கள். இரண்டாவது பயம் எங்களுக்குப் புரிகிறது. அந்த மண்ணில் எது யாருடைய பழமை என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆளில்லை. ஆனால் வழக்கு இருக்கிறது என்பதற்காக ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் தங்கள் மாவட்டத்தைப் பார்க்காமலே வளர்ந்தால், பிறகு அவர்களுக்கு அந்த இடம் பற்றித் தெரிந்ததெல்லாம் சண்டை மட்டும்தான். முதல் கேள்விக்கு எங்கள் பதில் சுருக்கம். பூமியில் பயணம் செய்து படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி குர்ஆனில் அன்கபூத் அத்தியாயத்தில் சொல்லப்பட்டிருப்பதை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, 40 கிலோமீற்றரில் இருக்கும் ஊற்றைப் பார்க்கப் பயப்படுவது சரியா என்று கேட்டவர்களே யோசிக்கட்டும். பிறர் வணக்கத்தில் நாம் கலந்துகொள்ளப் போகவில்லை. அவர்கள் புனிதமாக நினைக்கும் இடத்தில் ஒழுக்கமாக நிற்கவும் பிள்ளைகள் எங்கோ ஓரிடத்தில் பழக வேண்டும். வகுப்பறையில் அது வராது.

பகலுணவு தாமதம். பொதி கொண்டுவர வேண்டியவர் இடம் மாறிப் போய் ஒரு மணித்தியாலம் பிந்தினார். ஒரு பையன் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தான். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பின்னேரம் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போய், மலை உச்சிக்குக் கொஞ்சம் இப்பால் நின்று கடலைப் பார்த்தோம். 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. அதிலே திரியும் மான்களிடம்தான் பிள்ளைகளுக்கு அதிக நேரம் போனது, அதுவும் நல்லதுதான். கீழே கொட்டியாரக் குடா. திருகோணமலை இயற்கைத் துறைமுகம் என்று மனனம் செய்தவர்களுக்கு, அது ஏன் இவ்வளவு ஆழம் என்று ஒருபோதும் சொல்லப்பட்டதில்லை. குடாவிலிருந்து கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு தொடங்கி, போகப்போக 3000 மீற்றருக்கும் மேல் ஆழமாகிறது. நம் பீதுருதலாகல மலை 2524 மீற்றர். அதைத் தூக்கி அங்கே போட்டால் முழுகிப் போகும். கரைக்கு இவ்வளவு கிட்ட அவ்வளவு ஆழம் இருப்பதால்தான் திமிங்கிலங்கள் இங்கே கரையை ஒட்டி வருகின்றன. இதைச் சொன்னபோது, எரிமலை நட்டம் என்று சொன்ன அந்த மகன் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் தண்ணீரையே பார்த்தான். "இதுக்குக் கீழயா சேர்?" என்றான். ஓம் மகன், இதுக்குக் கீழதான்.

நேரம் இருந்திருந்தால் புல்மோட்டைக்கும் போயிருப்போம். ஐஸ்லாந்தின் கறுப்பு மணல் எரிமலைப் பாறை நொறுங்கி வந்தது. புல்மோட்டையின் கறுப்பு மணல் இல்மனைற்று, ரூட்டைல், சிர்கோன். பழைய பாறைகள் கரைந்து ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்த சொத்து அது. நிலாவெளிக்கு எதிரே புறாமலை, 2003இல் தேசியப் பூங்காவானது, முருகைக் கற்கள். அதற்குப் படகு வேண்டும், கடல் அமைதியாக வேண்டும். இங்கேதான் நம் பாடசாலைகள் செய்யும் இன்னொரு பிழை. வருடக் கடைசியில், நவம்பர் டிசம்பரில்தான் சுற்றுலா என்று வைத்திருக்கிறோம். அது நம் கரைக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம், கடல் கொந்தளிக்கும் காலம். மலைநாட்டில் மண் சரியும் காலமும் அதுதான். மே முதல் ஓகஸ்ட் வரையில் ஒரு நாளை எடுத்தால் நம் மாவட்டம் முழுவதும் திறந்து கிடக்கும்.

தூரப் பயணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை கொழும்பையும் பார்க்க வேண்டும், நுவரெலியாவையும் பார்க்க வேண்டும். நாங்கள் எதிர்ப்பது, தூக்கமில்லாத சாரதியோடு, காதைப் பிளக்கும் சத்தத்தோடு, இரவிரவாக மலைப் பாதையில் பிள்ளைகளைக் கொண்டுபோவதை. 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து, தங்காலை நகர சபை ஊழியர்கள் உட்பட 15 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அன்று எல்லோரும் முகநூலில் துக்கம் போட்டோம். அடுத்த சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கும்போது, "சவுண்ட் செட் எப்படி?" என்றுதான் முதலில் கேட்டோம். டயரை யாரும் கேட்கவில்லை.

பணத்தையும் சொல்ல வேண்டும். 2022க்குப் பிறகு நம் வீடுகளின் நிலை எங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் சுற்றுலாவுக்குக் கேட்கும் தொகை கூலி வேலைக்குப் போகும் வாப்பாவின் ஒரு கிழமை உழைப்பு. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவரை அனுப்பி ஒருவரை நிறுத்துவார்கள். நிற்பது பெரும்பாலும் மகள். பிறகு சுற்றுலா முடிந்து வந்த கிழமை முழுவதும் வகுப்பில் அந்தக் கதைதான். போகாத பிள்ளைகள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருப்பார்கள். இதை வருடா வருடம் பார்க்கிறோம்.

வழிகாட்டி விடயம் ஒன்று பாக்கி. அந்த ஐஸ்லாந்துக் காணொளியில் எங்கள் மகனைப் பிடித்தது ஊற்று மட்டுமில்லை, அதைச் சொன்ன ஆளும்தான். சொல்ல ஆளில்லாவிட்டால் கன்னியா ஏழு தொட்டி, குளம் ஒரு கட்டு, கடல் வெறும் தண்ணீர். எங்கள் பயணத்தில் மூத்தவர் ஒருவரும் தமிழ் ஆசிரியை ஒருவரும் இல்லாதிருந்தால் நாங்கள் மட்டும் பாடப்புத்தகத்தை வாசித்துவிட்டு வந்திருப்போம். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கிறது. நாடு முழுவதற்கும் மட்டுமில்லை, ஒரு பிரதேசத்துக்கு, ஓர் இடத்துக்கு என்றும் அதில் வகைகள் உண்டு. உயர்தரத்தில் புவியியல் படித்துவிட்டுப் பேராற்றிலும் முள்ளிப்பொத்தானையிலும் கடை வாசலில் நிற்கும் தம்பிமார், தமிழும் சிங்களமும் தண்ணீராகப் பேசுபவர்கள், இதை ஏன் யோசிக்கக் கூடாது? வெளிநாட்டுக்காரருக்கு மட்டும்தான் வழிகாட்டி என்று யார் சொன்னது?

அடுத்த மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். அதில் மூன்று விடயம் கேட்கப் போகிறோம். தரம் 6 முதல் 11 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வருடத்தில் ஒரு நாள் மாவட்டப் பயணம், இரண்டு நாள் சுற்றுலா இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரவு 7 மணிக்குப் பிறகு பிள்ளைகள் ஏறிய பஸ் வீதியில் இருக்கக் கூடாது. பணம் கட்ட முடியாத பிள்ளையின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படக் கூடாது, அதைப் பழைய மாணவர்கள் பேசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூத்தவர் திருப்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ். கட்டு உடைந்த இரவை நேரில் கண்ட வேறு யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எந்தச் சமூகமானாலும், எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். சிங்களத்தில் சொன்னால் நாங்கள் மொழிபெயர்க்கிறோம். வயது போய்க்கொண்டிருக்கிறது. பஸ் வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று: வாடகை பேச வரும்போது டயரைக் காட்டுங்கள், பிரேக்கைக் காட்டுங்கள். மைக் ஒன்று இருந்தால் நல்லது. ஸ்பீக்கர் சின்னதாகவே இருக்கட்டும்.